போதைவஸ்து: நாம் மறைக்கும் நோயும் நாம் மதிக்கும் வியாபாரமும்



 

 

போதைவஸ்து ஹராம் என்பதை நிறுவுவதற்காக நான் இன்று உங்கள் முன் வரவில்லை. அது ஹராம் என்று அறியாத முஸ்லிம் வீடு ஜிந்துப்பிட்டியிலும் இல்லை, கொட்டாஞ்சேனையிலும் இல்லை, வெள்ளவத்தையிலும் இல்லை. அல்-மாஇதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தை அஹதிய்யாப் பாடசாலையில் மனனமிட்ட பிள்ளையே, பத்து வருடங்கள் கழித்து, அதே மஸ்ஜிதின் பின்சுவருக்கு அப்பால் ஒரு துண்டு ஈயத்தாளைக் கையில் வைத்துக் கொண்டு நிற்கிறான். அறிவு இருந்தும் ஏன் இந்த நிலை? மார்க்கச் சட்டம் தெரியாததால் அழிந்தவர்களை விட, வீட்டாருக்கும் ஊராருக்கும் தெரிந்திருந்தும் எவரும் வாய் திறக்காததால் அழிந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். இன்றைய உரை அந்த மௌனத்தைப் பற்றியது.

ஜிந்துப்பிட்டியைப் பார்த்திராத நேயர்களுக்காக ஒரு சில வார்த்தைகள். கொழும்பு 13இல் அமைந்த பகுதி அது. ஒரு பக்கம் துறைமுகமும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும். இன்னொரு பக்கம் நகைக்கடைகள் வரிசையாக நிற்கும் செட்டியார் தெரு. சிறிது தூரத்தில் புதுக்கடை நீதிமன்றங்கள். சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலின் மணியோசையும் பாங்கோசையும் ஒரே காற்றில் கலந்து வருகின்ற இடம். தோட்டம் என்று நாம் அழைக்கும் குடியிருப்புகளில் ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்து கொள்கின்றன. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நான்கு வீடுகளில் தும்முவார்கள். அங்கே எந்த இரகசியமும் ஒரு நாள் கூடத் தாங்காது. யாருடைய மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள், யாருடைய மின்சாரக் கட்டணம் நிலுவையில் இருக்கிறது என்பதெல்லாம் மஹ்ரிபுக்கு முன் தெரிந்து விடும். ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளை தூள் பாவிக்கிறான் என்பதை மட்டும் எல்லோரும் அறிந்து கொண்டே, எவருக்கும் தெரியாதது போல் நடந்து கொள்கிறார்கள்.

இங்கே ஒன்றையும் நீதியாகச் சொல்ல வேண்டும். ஜிந்துப்பிட்டி என்று முகவரி எழுதினாலே சந்தேகக் கண்ணோடு பார்க்கும் பழக்கம் இந்த நகரத்தில் இருக்கிறது. தொழில் தேடிச் செல்லும் எங்கள் பிள்ளைகள் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்கும் அளவுக்கு அது போயிருக்கிறது. இது பெரும் அநீதி. காலை ஐந்து மணிக்கு எழுந்து புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் தந்தையரும், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மாரும் வாழும் இடம் அது. வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளிலும் அதே தூள், அதே ஐஸ், அதனோடு விலை கூடிய மதுப் போத்தலும் உள்ளே போகின்றன. வித்தியாசம் என்னவென்றால், அங்கே கதவு தடிப்பானது.

அன்பானவர்களே! பல ஆண்டுகளுக்கு முன், ரமழான் முடிந்த சில நாட்களில், இஷாவுக்குப் பின்னர் ஒரு தாய் என்னைத் தேடி மஸ்ஜித் வாசலுக்கு வந்தார். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விபரங்களை மாற்றியே கூறுகிறேன். மூத்த மகனுக்கு இருபது வயது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. சம்பளம் வீட்டுக்கு வருவதில்லை. முதலில் கைத்தொலைபேசி தொலைந்தது என்றான். பின்னர் தந்தையின் கைக்கடிகாரம் காணாமற் போனது. அதன் பின் சமையலறையிலிருந்த காஸ் சிலிண்டர். அந்தத் தாய் "போதை" என்ற சொல்லை ஒரு தடவையேனும் உச்சரிக்கவில்லை. "பிள்ளை கொஞ்சம் வழி தவறிட்டான் ஹஸரத், தண்ணி ஓதித் தாருங்கள்" என்றுதான் கேட்டார்.

நான் ஓதிக் கொடுத்தேன். ஓதிக் கொடுத்ததில் தவறில்லை. அல்லாஹ்வின் வேதம் நோய்க்கு நிவாரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதோடு நிறுத்தாமல், "ஒரு நல்ல பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் முடித்து வையுங்கள், பொறுப்பு வந்தால் திருந்தி விடுவான்" என்று ஆலோசனையும் சொன்னேன். அது நான் சிந்தித்துச் சொன்ன வார்த்தையல்ல. எனக்கு முன்னிருந்தவர்கள் சொல்லக் கேட்டு, நானும் சொன்ன வார்த்தை. அந்தக் கதையின் மீதியைச் சற்றுப் பொறுத்துக் கூறுகிறேன்.

மதீனாவில் மது எவ்வாறு தடை செய்யப்பட்டது என்பதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒரே நாளில் அந்தச் சட்டம் இறங்கவில்லை. முதலில், அதில் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருந்தாலும் பாவம் அதனிலும் பெரிது என்ற கருத்துப்பட அல்-பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் இறங்கியது. பின்னர், போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம் கூறியது. ஐவேளைத் தொழுகை உள்ள ஒரு சமூகத்துக்கு, பகலில் மது அருந்த இதற்குப் பின் நேரமே இல்லை. இறுதியாகத்தான் முழுத் தடை வந்தது. அன்று அபூதல்ஹா (ரழி) அவர்களின் வீட்டில் விருந்தினருக்கு மது பரிமாறிக் கொண்டிருந்தவர், வாலிபரான அனஸ் (ரழி) அவர்கள். வெளியே அறிவிப்பாளர் ஒருவரின் குரல் கேட்டது. என்னவென்று பார்த்து வரச் சொன்னார்கள். மது தடை செய்யப்பட்டு விட்டது என்று தெரிந்ததும், இருந்ததைக் கொட்டி விடும்படி அபூதல்ஹா (ரழி) அவர்கள் பணித்தார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இந்தச் சம்பவத்தை நாம் சொல்லும்போது கட்டுப்பாட்டையும் ஈமானையும் புகழ்ந்து விட்டுச் சென்று விடுகிறோம். அதற்கு முன் கழிந்த ஆண்டுகளை மறந்து விடுகிறோம். ஒரு பழக்கத்தின் பிடி எத்தகையது என்பதை அறிந்த இறைவன், மனிதர்களைப் படிப்படியாக அதிலிருந்து வெளியே கொண்டு வந்தான். அல்லாஹ் கொடுத்த அந்த அவகாசத்தை நாம் எங்கள் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. ஆறு மாதங்கள் ஒன்றும் நடக்காதது போல் இருந்து விட்டு, ஏழாம் மாதம் ஓர் இரவில் அவனை அறைக்குள் பூட்டி, அடித்து, அடுத்த நாளே அவன் மலக்கைப் போல் எழுந்து வர வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம்.

வாலிபச் சகோதரர்களே! உங்களில் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுக்கு இங்கே பதில் கூற விரும்புகிறேன். "குர்ஆன் மதுவைத்தானே சொல்கிறது, ஐஸ் என்றோ மாவா என்றோ சொல்லவில்லையே, மருந்துக் கடையில் வாங்கும் வில்லை எப்படி ஹராமாகும்?" என்பதே அந்தக் கேள்வி. கலீபா உமர் (ரழி) அவர்கள் மிம்பரில் நின்று, அன்று மது தயாரிக்கப்பட்ட ஐந்து பொருட்களான திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, பார்லி ஆகியவற்றை எண்ணிக் காட்டி விட்டு, அறிவை மூடி மறைப்பது எதுவோ அதுவே மது என்று விளக்கம் அளித்தார்கள். அப்படியாயின், போத்தலில் வந்தாலென்ன, புகையாக வந்தாலென்ன, வில்லையாக வந்தாலென்ன? உடலைத் தளரச் செய்து மந்தப்படுத்தும் பொருளையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உண்டு. தார்த்தாரியர் காலத்தில் கஞ்சாப் பாவனை முஸ்லிம் நாடுகளில் பரவிய போது, 1328இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் இந்த அடிப்படையிலேயே அதை ஹராம் என்று தீர்ப்பளித்தார்கள். உங்கள் கேள்வி புதிதல்ல. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுப் பதிலும் அளிக்கப்பட்டு விட்டது.

எங்கள் நாட்டில் ஹெரோயின் வேரூன்றத் தொடங்கியது 1980களின் ஆரம்பத்தில். 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. இரண்டு கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம் என்றானது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அதே ஆண்டில் உருவானது. 2022இல் மீண்டும் சட்டம் திருத்தப்பட்டு, ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனுக்கும் ஐந்து கிராமிலிருந்து அதே தண்டனைகள் கொண்டு வரப்பட்டன. இரண்டு கிராம் என்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. "இந்தப் பொதியைக் கொச்சிக்கடைச் சந்தியில் ஒருவரிடம் கொடுத்து விட்டு வா, ஐயாயிரம் தருகிறேன்" என்று ஒருவன் முச்சக்கர வண்டி ஓட்டும் வாலிபனிடம் கேட்கும் போது, அவன் ஐயாயிரத்தை மட்டுமே காண்கிறான்.

போதைவஸ்துக் குற்றங்களுக்காக நாட்டில் கைது செய்யப்படுவோர் தொகை அண்மைய ஆண்டுகளில் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருக்கிறது. உலக அளவில் 2023இல் மதுவும் புகையிலையும் தவிர்ந்த போதைப் பொருளை 31 கோடியே 60 இலட்சம் பேர் பாவித்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு மதிப்பிட்டது. மதுவினால் மட்டும் 2019இல் 26 இலட்சம் உயிர்கள் போயின என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. தூளைக் கண்டு அஞ்சும் நாம், மதுவைச் சிறிய விடயமாக எண்ணத் தொடங்கி விட்டோம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். "அவன் தூள் அடிப்பதில்லை, பெருநாளைக்கு நண்பர்களோடு பியர் மட்டும்தான்" என்று ஒரு தந்தை ஆறுதலாகச் சொன்னதை என் காதால் கேட்டேன். பெருநாளைக்கு!

இனி, அந்தத் தாயின் மகனுடைய கதைக்கு வருகிறேன். கல்யாணம் நடந்தது. வெளியூரிலிருந்து, தந்தையில்லாத ஒரு பெண்பிள்ளையை எடுத்தார்கள். வெளியூரில் எடுத்ததற்கான காரணத்தை நீங்கள் ஊகித்துக் கொள்வீர்கள். உள்ளூரில் எவரும் கொடுக்க மாட்டார்கள். பெண் வீட்டார் அவன் தொழுபவனா என்று என்னிடம் விசாரித்தார்கள். ஜும்ஆவுக்கு வருவான் என்றேன். அது பொய்யல்ல. ஆனால் அவர்கள் அறிய வேண்டியிருந்தது அதுவல்ல. மூன்று மாதங்களில் அந்தப் பெண்ணின் கழுத்திலும் கையிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு குழந்தையும் பிறந்தது. அதன் பின் அவனை நாற்பது நாள் ஜமாஅத்தில் அனுப்பினார்கள். மூன்றாம் நாளே திரும்பி வந்தான். அவனைக் கோழை என்றார்கள், ஈமான் இல்லாதவன் என்றார்கள். அவனுக்கு அப்போது உடலில் என்ன நடந்து கொண்டிருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இன்று தெரியும். ஹெரோயின் பாவித்துப் பழகிய உடலுக்கு, கடைசியாகப் பாவித்து எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குள் வேதனை ஆரம்பிக்கும். மூக்கால் நீர் வடியும், எலும்பு முறிவது போன்ற வலி, வாந்தி, வயிற்றோட்டம், தூக்கமே இல்லை. இரண்டாம், மூன்றாம் நாட்களில் அது உச்சத்தைத் தொடும். ஒரு வாரமளவில் தணியும். வைத்தியரின் உதவி இருந்தால் பெருமளவு தாங்கிக் கொள்ளக் கூடியது. அவன் மூன்றாம் நாள் திரும்பி வந்தான் என்றேன் அல்லவா? எந்த மருந்தும் இல்லாமல், எவரிடமும் சொல்ல முடியாமல், அறிமுகமற்ற மனிதர்களுக்கு நடுவே, அந்த உச்ச வேதனையின் நாளில்தான் அவன் திரும்பி வந்தான். தப்லீக் பணியை நான் குறை கூறவில்லை. அதில் திருந்தியவர்களை நான் அறிவேன். கால் முறிந்தவனைக் கட்டுப் போடாமல் நடக்கச் சொன்னோம் என்பதைத்தான் கூறுகிறேன்.

மதுவின் விடயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பல வருடங்களாக நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், வலிப்பும் சித்தப் பிரமையும் ஏற்பட்டு உயிரே போகக்கூடும். ஆகவே "இன்றிலிருந்து ஒரு சொட்டும் தொடக் கூடாது" என்று கணவரைப் பூட்டி வைக்கும் மனைவியர் முதலில் ஒரு வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஐஸ் பாவித்தவனோ நாட்கணக்கில் தூங்காமல் இருப்பான், மெலிந்து போவான், பற்கள் கெடும், தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சொந்தத் தாயையே சந்தேகிப்பான். அந்த நேரத்தில் அவனோடு வாதிடுவது வீண்.

அந்த மகன் பின்னர் பிடிபட்டான். சிறிய அளவுதான், நீதவான் தண்டம் விதித்தார். தண்டப்பணம் கட்ட வீட்டில் எவரும் முன்வரவில்லை. உள்ளே இருந்தாலாவது திருந்துவான் என்று எல்லோரும் எண்ணினோம். சில மாதங்களின் பின் வெளியே வந்தான். உடல் தேறியிருந்தது. ஜும்ஆவுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தேன். மறுநாள் இரவு, வீட்டின் பின்புறக் கழிவறையில் அவனது ஜனாஸாவைத்தான் கண்டெடுத்தார்கள். சில மாதங்கள் பாவிக்காமல் இருந்த உடல், முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. சிறையிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களே மிக ஆபத்தான காலம் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். எங்களில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னார்கள். குளிப்பாட்டும் இடத்துக்கு வெளியே நின்ற ஒருவர், "குடுகாரனுக்கு இவ்வளவு பெரிய கூட்டமா?" என்று மெதுவாகக் கேட்டார். உள்ளே இருந்த தந்தையின் காதில் அது விழுந்தது.

நேயர்களே! புகாரியில் ஒரு செய்தி இருக்கிறது. அப்துல்லாஹ் என்ற பெயருடைய ஒரு மனிதர்; மக்கள் அவரைப் பட்டப் பெயர் சொல்லி அழைப்பார்கள். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். அவர் மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டார். மீண்டும் கொண்டு வரப்பட்டார், மீண்டும் தண்டிக்கப்பட்டார். அங்கிருந்த ஒருவர், எத்தனை தடவைதான் இவரைக் கொண்டு வருவது என்று கூறி அவரைச் சபித்தார். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவரைச் சபிக்க வேண்டாம் என்று தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். இன்னோர் அறிவிப்பில், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தும் வருகிறது. தண்டனை நிறைவேற்றப்பட்டது. பாவம் பாவம் என்றே சொல்லப்பட்டது. ஆனால் அந்த மனிதர் மஸ்ஜிதிலிருந்தும் சபையிலிருந்தும் வெளியே தள்ளப்படவில்லை. கலீபா உமர் (ரழி) அவர்களும், ஷாம் தேசத்தில் மதுவில் விழுந்து விட்ட ஒரு நண்பருக்கு, பாவத்தை மன்னித்துத் தவ்பாவை ஏற்றுக் கொள்ளும் இறைவனைப் பற்றிய வசனத்தை எழுதி அனுப்பினார்கள் என்றும், அதை மீண்டும் மீண்டும் ஓதி அழுது அவர் அதை விட்டார் என்றும் இப்னு கஸீரின் விரிவுரையில் காண்கிறோம்.

"அப்படியானால் மதுவின் பெயரால் பத்துப் பேர் சபிக்கப்பட்டிருக்கிறார்களே?" என்று மார்க்கம் கற்றவர்கள் கேட்பார்கள். ஆம். திர்மிதியில் பதிவான அந்த நபிமொழியில் பிழிபவர், பிழியக் கேட்பவர், அருந்துபவர், சுமந்து செல்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், பரிமாறுபவர், விற்பவர், விற்ற பணத்தை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் என்று பத்துப் பேரும் எண்ணப்படுகிறார்கள். அருந்துபவரும் அதில் இருக்கிறார், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு செயலைப் பொதுவாகச் சபிப்பது வேறு, எங்கள் கண்முன் நிற்கும் ஒரு மனிதனைப் பெயர் சொல்லிச் சபிப்பது வேறு என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இன்னொன்றைக் கவனியுங்கள். பத்தில் அருந்துபவர் ஒருவர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் அந்த வியாபாரத்தைச் சுற்றி நிற்பவர்கள். நாமோ தலைகீழாக நடந்து கொள்கிறோம். அந்த ஒருவனைக் குடுகாரன் என்று ஒதுக்கி விட்டு, விற்ற பணத்தை உண்பவரை "ஹாஜியார்" என்று அழைக்கிறோம்.

இதைச் சொல்லாமல் இந்த உரையை முடித்தால் நான் அமானிதத்துக்குத் துரோகம் செய்தவனாவேன். ரமழானில் ஒரு நாள் கஞ்சிக்கு முழுச் செலவையும் ஏற்றுக் கொள்ள ஒருவர் முன்வருகிறார். அவருக்கு என்ன தொழில் என்று நிர்வாக சபையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பற்றுச்சீட்டில் "ஒரு சகோதரர்" என்று எழுதப்படுகிறது. கொவிட் முடக்க காலத்தில் தோட்டம் முழுவதற்கும் அரிசிப் பொதி வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்கும் நிலையில் பசித்த வீடுகள் இருக்கவில்லை. அந்தத் தாய்மாரை நான் குற்றம் கூற மாட்டேன். ஆனால் மஸ்ஜித் என்பது பசித்த வீடு அல்ல. அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையன்றி ஏற்றுக் கொள்வதில்லை என்ற நபிமொழியை மிம்பரில் ஓதிவிட்டு, அதே நாளில் அந்தப் பணத்தில் காய்ச்சிய கஞ்சியை நோன்பாளிக்கு ஊற்றுவது எப்படி? அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் சிறுவன் ஒரு பாடத்தைக் கற்றுக் கொள்கிறான். எந்தத் தொழில் செய்தாலும் காசிருந்தால் ஊர் மதிக்கும் என்பதே அந்தப் பாடம். நாம் ஆயிரம் குத்பாக்கள் செய்தாலும் அதை அழிக்க முடியாது.

அந்தப் பணம் எதைக் கொண்டு வருகிறது என்பதையும் கண்டோம். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி போல் உடையணிந்து வந்த ஒருவன், உள்ளே குடைந்தெடுத்த சட்டப் புத்தகத்தில் கொண்டு வரப்பட்ட துப்பாக்கியால் கணேமுல்ல சஞ்சீவ என்பவரைச் சுட்டுக் கொன்றான். ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து செல்லும் தூரம். இரண்டு நாட்கள் கழித்துக் கொட்டாஞ்சேனையிலும் துப்பாக்கி வெடித்தது. பாதாளக் கோஷ்டிகளின் இத்தகைய மோதல்கள் பலவற்றின் பின்னால் போதைவஸ்து வியாபாரம் இருப்பதாகப் பொலிஸார் தொடர்ந்து கூறி வருகிறார்கள். இந்தத் துப்பாக்கிகளைத் தூக்குபவர்கள் வானத்திலிருந்து இறங்கியவர்களல்லர். அவர்களும் எங்காவது ஒரு தோட்டத்தில், ஒரு தாயின் மடியில் வளர்ந்த பிள்ளைகள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையிடம் கருகிய ஈயத்தாள் துண்டுகளைக் கண்டால், பொருட்கள் ஒவ்வொன்றாக மறைந்தால், நண்பர்கள் திடீரென மாறினால், தூக்கம் தலைகீழானால், கண்டும் காணாதது போல் இருக்காதீர்கள். அவன் தெளிவாக இருக்கும் வேளையில், தனியே அழைத்து, அடிக்காமல் கேளுங்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால், உம்மா வீட்டு வேலைக்காக வளைகுடா சென்றிருந்தால், வீட்டில் இருக்கும் பெரியவர் கேட்கட்டும். வெளிநாடு அனுப்பி விட்டால் சரியாகும் என்று எண்ணிப் பழக்கத்தோடு பிள்ளையை விமானத்தில் ஏற்றாதீர்கள். வளைகுடா நாடுகளின் சட்டம் எங்கள் சட்டத்தை விடத் தளர்வானது அல்ல.

சிகிச்சை என்றதும் எல்லோர் மனதிலும் கந்தக்காடு என்ற பெயர்தான் வருகிறது. 2022 ஜூனில் அங்கு கலவரம் ஏற்பட்டு நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடிய செய்தியைக் கேட்டவர்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் அது நீதிமன்றம் அனுப்பும் இடம். விரும்பிச் செல்வோருக்கு வேறு வழிகள் உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குத் தலங்கமவிலும் நிட்டம்புவவிலும் கண்டியிலும் காலியிலும் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. அந்தச் சபையின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1927. மனநல உதவிக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையமும் கொழும்பிலேயே இருக்கிறது. ஒருமுறை சிகிச்சை பெற்று மீண்டும் விழுந்து விட்டால் எல்லாம் முடிந்து விட்டதென்று எண்ண வேண்டாம். பலருக்கு இரண்டு, மூன்று தடவைகள் தேவைப்படுகின்றன. அந்த அப்துல்லாஹ்வும் ஒரு தடவை மட்டும் கொண்டு வரப்பட்டவரல்லர்.

மஸ்ஜித் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். தராவீஹ் தொழுகைக்கு ஹாபிழ் தேடுவதற்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் இதற்கும் காட்டி, மாதம் ஒரு மாலை, ஒரு வைத்தியரையோ ஆலோசகரையோ மஸ்ஜிதின் ஓர் அறையில் இருக்கச் செய்யுங்கள். பெண்கள் தனியே வந்து பேசவும் வழி செய்யுங்கள். வருபவரின் பெயரைப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டாம்.

சில வருடங்களுக்குப் பின், மற்றுமோர் இரவில், அதே தாய் மீண்டும் மஸ்ஜித் வாசலுக்கு வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. இம்முறை தனியே வரவில்லை. முகத்தை மூடி அழுது கொண்டிருந்த இன்னொரு தாயின் கையைப் பிடித்துக் கொண்டிருந்தார். அந்தப் பெண் வாய் திறக்கு முன்னரே இவர் பேசினார். "ஹஸரத், இவவுட மகன் தூள் குடிக்கிறான். பதினேழு வயசு. நீங்க ஓதித் தாருங்க. ஆனா கல்யாணம் முடிச்சு வைக்க மட்டும் சொல்லிடாதீங்க."

அடுத்த நாள் காலை, நாங்கள் நால்வரும் முச்சக்கர வண்டியில் தலங்கமவுக்குச் சென்றோம். அந்தப் பிள்ளை வழி முழுவதும் என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பி வரும் போது அவனுடைய செருப்பு வண்டியிலேயே கிடந்தது. மறந்து விட்டானோ, வெட்கத்தில் விட்டுச் சென்றானோ தெரியவில்லை. அந்த மூத்த தாய் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக் கொண்டு கொட்டாஞ்சேனை வரை வந்தார்.